லாவெண்டர்க்காரர் வீட்டுப் பூனை

காப்பிக் கோப்பையின் தட்டில் ஒரு சொட்டு, கைக்குட்டையில் இரண்டு, கோட்டுக் கழுத்தின் உள்மடிப்பில் ஒன்று. யெர்கோ அண்ணன் மூக்கை உறிஞ்சிப் பார்த்து, போதாது என்று தலையாட்டிவிட்டு, தொப்பியின் உள்விளிம்பிலும் ஒன்று விட்டுக்கொள்கிறார். பிறகுதான் கடைப் பலகையைத் திறக்கிறார். "பாட்டிலை அடுக்கி வெச்சா மட்டும் விக்குமா? முதல்ல நான் மணக்கணும். அப்புறம்தான் பாட்டில் விக்கும்" என்பார்.

படகுத்துறையில் அவருடைய கடை ஒரு அலமாரியை விடக் கொஞ்சம் பெரியது. லாவெண்டர் எண்ணெய்ப் புட்டிகள், காய்ந்த பூ அடைத்த துணிப்பைகள், தேன் இரண்டு வகை. மேட்டில் தாத்தா காலத்துக் கல்வேலிகளுக்கு நடுவே அவருக்கு ஒரு வயல் இருக்கிறது. கோடையில் வெட்டிக் கொண்டுவந்து செம்புக் கொப்பரையில் வடிக்கிறார். இத்தனை வருடத்தில் அந்த வாசனை தோலைத் தாண்டி எலும்புக்குப் போய்விட்டது. நான் அவருக்கு முடிவெட்டும்போது தரையில் விழும் நரைமுடிகூட மணக்கும். அன்றைக்கு என் கடைக்கு வருகிற பெண்களெல்லாம், "வின்கா, யெர்கோ வந்துட்டுப் போனாரா?" என்றுதான் உள்ளே நுழைவார்கள்.

எதற்கும் அவரிடம் ஒரே வைத்தியம். தலைவலி, தீக்காயம், தேள்கடி, தூக்கமின்மை, மாமியார் வருகை. "ரெண்டு சொட்டு விடு, சரியாப் போயிடும்." ஒருமுறை என் கடைக் கதவு கிறீச்சிட்டது என்று கீலில் விட்டுப் போனார். கிறீச்சு நிற்கவில்லை, மணத்தோடு கிறீச்சிட்டது. சிரிக்க வேண்டாம், எங்கள் தீவில் எல்லோருமே ஏறக்குறைய இப்படித்தான். தொட்டிலில் குழந்தைக்கும் அதுதான், பெட்டியில் பிணத்துக்கும் அதுதான்.

அறுபது வயதில் அவருக்குக் கல்யாணம் நடந்தது. பெண், ஸ்ப்ளிட் நகரத்து மீன் சந்தையில் பாதி வாழ்க்கை கத்தி பிடித்தவள், பெரினா. கப்பலிலிருந்து இறங்கியபோது அவள் ஒரு கையில் பெட்டி, மறு கையில் ஆரஞ்சுப் பழக்கூடை. கூடைக்குள் சாம்பல் நிறத்தில், ஒரு காது கிழிந்த, நடுவயதுப் பூனை. பெயர் ஷியோரா. எங்கள் பேச்சில் சீமாட்டி என்று அர்த்தம். பெயருக்கேற்ற நடத்தைதான். யெர்கோ அண்ணன் உட்கார்ந்தால் அது எழுந்துவிடும். அவர் குனிந்தால் தும்மும். மீன்காரியின் கையில் வளர்ந்ததற்கு இந்த மனிதர் நாறினார் போலிருக்கிறது. வேண்டாத பெண்டாட்டி கைபட்டால் குற்றம், கால்பட்டால் குற்றம் என்பார்களே, அந்த வீட்டில் அது புருஷனுக்கு, அதுவும் பூனையிடம்.

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "வாங்க சீமாட்டி, நெத்திலி வந்திருக்கு பாருங்க" என்று மரியாதையாகக் கூப்பிடுவார். அது மீனைத் தூக்கிக்கொண்டு தூரப் போய்த் தின்னும். என் நாற்காலியில் கழுத்தில் துணி கட்டி உட்கார்ந்திருக்கும்போது, கண்ணாடியைப் பார்த்தபடி ஒருநாள் சொன்னார்: "ஒரே ஒரு தடவை என் மடியில உக்காந்துட்டா போதும் வின்கா. பெரினாவுக்கு நான் வேத்தாள் இல்லன்னு எனக்கே தோணிடும்." கத்தரிக்கோலை நிறுத்திவிட்டேன். இந்த மனிதருக்கு இவ்வளவு ஏக்கமா?

போன இலையுதிர்காலத்தில் பெரினா ஸ்ப்ளிட்டுக்குப் போனாள். அக்கா மகளுக்குப் பிரசவம். போகும்போது ஒரே கட்டளை: "சோறு வை, தண்ணி வை, வேற எதுவும் பண்ணாத. பூனை தன்னைத் தானே பாத்துக்கும்."

அவள் போனதும் யூகோ காற்று தொடங்கியது. தெற்கிலிருந்து வரும் இந்த வெதுவெதுப்பான காற்று அடிக்கும் நாட்களில் எங்கள் ஊர் பாதித் தூக்கத்தில் நடமாடும். சுவர்க்கல் வியர்க்கும். கடலும் வானமும் ஒரே சாம்பலாகி, நடுவில் ஒரு கோடுகூட இருக்காது. ஒரு வாக்கியத்தைத் தொடங்கியவர் முடிக்க மறந்து நிற்பார், கேட்டவரும் அதைக் கவனிக்கமாட்டார். யூகோவில் யாரும் நிலம் விற்கமாட்டோம், சம்பந்தம் பேசமாட்டோம். தலைக்குச் சாயம்கூட வேண்டாம் என்பேன். ஆனால் பூனைக்கு நாள் பார்க்கத் தெரியுமா?

அது யாருடைய படகிலோ என்ஜின் அடியில் படுத்துத் தூங்கிவிட்டு, முதுகிலிருந்து வால் வரை கருகிய எண்ணெயோடு வந்து நின்றது. நக்கத் தொடங்கியிருந்தது. யெர்கோ அண்ணன் என் கடை வாசலுக்கு ஓடிவந்தார்.

"வின்கா, பூனைக்கு என்ன ஷாம்பு?"

என் கைகளில் ஒருத்தியின் தலை நுரையோடு இருந்தது. "பொறுங்கண்ணே, இவளை அலசிட்டு வரேன். அதுவரைக்கும் நக்க விடாதீங்க. நீங்களா எதையும் போடாதீங்க" என்றேன். சரி சரி என்றார். யூகோவில் சொல்கிற சரிக்கு எடை கிடையாது.

நான் அவர் முற்றத்துக்குள் நுழைந்தபோது அவர் நாற்காலியில் உட்கார்ந்து, உதட்டில் விரல் வைத்து என்னை நிறுத்தினார். மடியில், அவருடைய சட்டையில் சுற்றி, ஷியோரா. ஈரம் சொட்டச் சொட்ட, கண் பாதி மூடி. முற்றம் முழுக்க லாவெண்டர். அந்த வெதுவெதுப்புக் காற்றில் அது புகை போல நின்றது. அத்திமரத்து இலைகூட அசையவில்லை. வயல் பூத்திருக்கும்போது நடுவில் படுத்துக்கொண்டால் வருமே ஒரு மிதப்பு, அது எனக்கும் வந்தது.

"தூங்குறாங்க" என்றார் கிசுகிசுப்பாக. கண்கள் கலங்கியிருந்தன. "என் மடியில வின்கா. தானா. இறங்கவே இல்ல."

நானும் அப்படியே நின்றேன். அழகாகத்தான் இருந்தது. பிறகு சட்டையின் மடிப்பில் நூலாக வடியும் எச்சிலைப் பார்த்தேன். ஒரு பின்னங்கால் விட்டு விட்டு உதறியது. தொட்டேன், காது சில்லென்று இருந்தது.

"அண்ணே, எதுல குளிப்பாட்டினீங்க?"

"ஆலிவ் சோப்புதான். அப்புறம் எண்ணெய் நாத்தம் போகணுமேன்னு..."

"போகணுமேன்னு?"

"நம்ம சரக்கு. மூடி நிறைய. ஏன், பதறாம இருக்கட்டும்னுதான்."

ஸ்ப்ளிட்டிலிருக்கும் கால்நடை மருத்துவர் நீவெஸுக்குப் போன் போட்டேன். வாரத்துக்கு ஒருமுறை எங்கள் தீவுக்கு வருகிறவள். அன்று காற்றில் எந்தப் படகும் ஓடவில்லை. நான் சொன்னதைக் கேட்டுவிட்டு, "அவர் கேக்கட்டும், சத்தமா வைங்க" என்றாள்.

"ஐயா, அது தூக்கம் இல்ல. மயக்கம். அந்த எண்ணெயை நம்ம ஈரல் கழிச்சுடும், பூனையோட ஈரலுக்கு முடியாது. தோல் வழியா உள்ள போகுது, நக்குனா வாய் வழியாவும் போகும். இப்பவே கழுவி எடுக்கணும்."

"லாவெண்டரா?" என்றார் யெர்கோ அண்ணன். "டாக்டரம்மா, என் அப்பாவை அது வளத்துச்சு. என்னை வளத்துச்சு."

"உங்களை வளத்துச்சுங்க. இதைக் கொல்லும்."

தாயைப் பற்றித் தப்பாகச் சொன்னால் ஒருவன் முகம் எப்படிப் போகுமோ, அப்படிப் போயிற்று. ஆனால் வாதாடவில்லை. பூனையை மெதுவாக என் கையில் கொடுத்தார். கொடுத்ததும் இரண்டு கைகளையும் மேலே தூக்கிக்கொண்டார், போலீசைக் கண்ட திருடன் மாதிரி.

எதில் கழுவுவது? என் கடையில் பதினாறு விதம் ஷாம்பு இருக்கிறது, ஒவ்வொன்றிலும் ஏதாவது ஒரு செடி. ரோஸ்மேரி, ஆரஞ்சுத்தோல், சேஜ் இலை, தேயிலை மரத்து எண்ணெய். "எதுவும் வேண்டாம்" என்றாள் நீவெஸ். "மனுஷத் தலைக்கு இருக்கறது பூனைத் தோலுக்கு ஒத்துக்காது. வாசனை எண்ணெய் எதுவுமே கூடாது." பூனையைத் துண்டில் சுற்றி, பக்கத்து வீட்டுக்காரி மடியில் வைத்துவிட்டு, ஊர்க் கடைக்கு ஓடினோம். செல்லப்பிராணி அலமாரியில் மூன்றே மூன்று புட்டிகள்.

யெர்கோ அண்ணன் கை முதலில் போனது 'இயற்கை' என்று எழுதியதற்கு. அட்டையில் ஊதாப் பூங்கொத்து. அவர் கையிலேயே ஒரு தட்டுத் தட்டினேன்.

"பழக்கம்மா" என்றார் பாவமாக.

"ரெண்டாவதுல நாய்ப்படம். உண்ணி போக்கும்னு போட்டிருக்கு" என்று போனில் படித்தேன்.

"ஐயோ, தொடாதீங்க. நாய்க்கு உண்ணி போக்குறது பூனைக்கு உயிர் போக்கும்."

மூன்றாவது தூசி படிந்த வெள்ளைப் புட்டி. படம் இல்லை, பூ இல்லை. 'பூனைகளுக்கு. வாசனை சேர்க்கப்படவில்லை.' மூடியைத் திறந்து அவர் மூக்கில் வைத்தார், மறுபடி வைத்தார்.

"ஒண்ணுமே இல்லியே வின்கா. வெறும் தண்ணி மாதிரி. இதை எவன் வாங்குவான்?"

"நீங்கதான்."

கல் தொட்டியின் அடியில் துண்டை மடித்துப் போட்டேன், கால் வழுக்கினால் பூனைக்குக் கிலி பிடிக்கும் என்று நீவெஸ் சொல்லியிருந்தாள். மழைநீரை, முழங்கையில் பட்டால் சூடோ குளிரோ தெரியாத பதத்துக்குக் கலந்தேன். குழாயைத் திறக்காமல் குவளையால் கழுத்துக்குக் கீழே ஊற்றினேன். முகத்துக்கு ஈரத்துணி மட்டும். ஷாம்புவைத் தண்ணீரில் கரைத்து, முடி போகிற திசையிலேயே தேய்த்தேன். ஆயிரம் தலைகளைக் கழுவிய கை எனக்கு. இந்த ஒரு பிடி எலும்பை எவ்வளவு அழுத்துவது என்று அதற்குத் தெரியவில்லை. விறைப்பாக எதிர்த்துப் பிராண்டவேண்டிய மிருகம், ஈரத் துணியாகக் கிடந்தது. அதுதான் பயம்.

யெர்கோ அண்ணன் வாசற்படியில் நின்றார். சாம்பலால் கை தேய்த்தார், உப்பால் தேய்த்தார், மணலால் தேய்த்தார். முகர்ந்து பார்த்து மறுபடி தேய்த்தார். விரல் முட்டிகள் சிவந்துவிட்டன.

"நான் தலையை மட்டும் தாங்கிப் பிடிக்கட்டுமா?"

"அங்கயே நில்லுங்க."

"பெரினா இதைக் கூடையில கொண்டுவந்தா வின்கா. அவளோட சொத்துன்னு இது ஒண்ணுதான் வந்துச்சு. இது போயிட்டா அவளுக்கு இங்க என்ன இருக்கு? நான் இருக்கேனா?"

குவளையை மறுபடி நிரப்பினேன். வழுக்கல் போகும்வரை அலசினேன், போன பிறகும் அலசினேன். உலர்ந்த துண்டில் சுற்றி, சுடுநீர்ப் புட்டியைத் துணியில் பொதிந்து அருகில் வைத்தேன். அவர் உள்ளே வரவில்லை. வெளியே நின்று ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார். கடலும் வானமும் இன்னும் ஒன்றாகவே கிடந்தன. நேரம் நகர்ந்ததா நின்றதா என்று தெரியவில்லை. எப்போதோ ஒரு சமயத்தில் ஷியோரா கண்ணைத் திறந்து, என்னைப் பார்த்து, என் மணிக்கட்டில் ரத்தம் வரப் பிராண்டியது. நான் கத்தினேன். ஜன்னலுக்கு வெளியே அவர் உட்கார்ந்து அழுதார்.

காற்று அடங்கிக் கப்பல் ஓடத் தொடங்கியதும் பெரினா வந்தாள். துறைக்கு நடக்கும்போது நான் அண்ணனிடம் சொன்னேன்: "என்ஜின் எண்ணெய்னு சொல்லிடுங்க. பாதி நிஜந்தானே." அவர் தலையாட்டினார். பெரினா பெட்டியைக் கீழே வைப்பதற்குள் எல்லாவற்றையும் கொட்டிவிட்டார், மூடி நிறைய என்பது உட்பட.

பெரினா அவரை மேலும் கீழும் பார்த்தாள். துறை முழுக்கக் கேட்கிற மீன் சந்தைக் குரலில் சொன்னாள்: "மீன்காரி கையில பத்து வருஷம் பிழைச்சுது. பூக்காரன் கையில பத்து நாள் தாங்கல!" பெட்டியை அவரிடம் கொடுக்காமல் தானே தூக்கிக்கொண்டு நடந்தாள்.

அன்றும் மறுநாளும் அந்த வீட்டில் பாத்திரச் சத்தம் மட்டும்தான். பிறகு ஒரு மாலையில் பெரினா கேட்டிருக்கிறாள், ஏன் மறைக்கவில்லை என்று. இதை அவளே என் கடையில் தலை உலர்த்திக்கொண்டிருக்கும்போது சொன்னாள். "என்ன சொன்னான் தெரியுமா அந்த மனுஷன்? மறைச்சிருந்தா அடுத்த தடவையும் அதை என்னை நம்பி விட்டுட்டுப் போவ, நான் மறுபடி எதையாவது பண்ணித் தொலைப்பேன்னான்." சொல்லிவிட்டு அவள் பத்திரிகையை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டாள். தலைகீழாகப் பிடித்திருந்தாள், நான் சொல்லவில்லை.

இப்போது கோட்டும் தொப்பியும் கடை ஆணியிலேயே தொங்குகின்றன. வீட்டுக்குக் கிளம்புமுன் கடைக்குப் பின்னால் அந்த வெள்ளைப் புட்டிச் சரக்கில்தான் யெர்கோ அண்ணன் தலைமுதல் கால்வரை குளிக்கிறார். ஊர்க் கடைக்காரன் அவருக்காகவே வரவழைக்கிறான். "நரைமுடி பளபளக்குது பாரு" என்று என்னிடம் பெருமை வேறு. என் ஷாம்புக்கு ஒரு வாடிக்கை போன எரிச்சலில் நானும் "மியாவ்" என்று சொல்லி அனுப்புகிறேன்.

ஆனாலும் எலும்புக்குப் போன வாசனை ஷாம்புவுக்கா கேட்கும்? போன ஞாயிற்றுக்கிழமை அவர்கள் முற்றத்தில் இருந்தேன். பெரினா கரி அடுப்பில் மத்தி சுட்டுக்கொண்டிருந்தாள். ஷியோரா தண்ணீர்த் தொட்டியின் மூடிமேல் வெயிலில் நீண்டு கிடந்தது. யெர்கோ அண்ணன் கொஞ்சம் தள்ளி, கொடி நிழலில் நாற்காலி போட்டு, தண்ணீர் கலந்த ஒயினோடு சௌகரியமாக உட்கார்ந்திருந்தார். பேச்சு நடுவில் ஒரு இலை திரும்பியது. அவர் பேச்சை நிறுத்தினார். ஆள்காட்டி விரலை நாக்கில் நனைத்து மேலே தூக்கிப் பிடித்து, காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று பார்த்தார். அவரிடமிருந்து நேராகப் பூனைப் பக்கம். எழுந்தார். ஒரு கையில் ஒயினும் மறு கையில் நாற்காலியுமாகப் பூனையைச் சுற்றிக்கொண்டு நடந்து, மீன் புகை முழுவதும் நேராக முகத்தில் வந்து அறைகிற மறுபக்கத்தில் போட்டு, கண்ணைச் சுருக்கிக்கொண்டு உட்கார்ந்தார்.