கண்டல் காட்டில் களை எடுத்தவர்

என் வீட்டுக்காரருக்குத் தரையில் பச்சையாக எதைக் கண்டாலும் பொறுக்காது. பெக்கான் நானாஸ் பக்கத்துச் செம்பனைத் தோட்டத்தில் முப்பது வருடம் மண்டோராக இருந்து ஆட்களை வேலை வாங்கியவர். மரத்தடி மொட்டையாக இருந்தால்தான் அவர் கணக்கில் அது மரம். கெலாங் பாத்தாவில் வீடு வாங்கிக் குடிவந்த முதல் வாரமே, நான் ஆசையாக ஊன்றிய புதினாவைப் பிடுங்கி எறிந்துவிட்டு, "புல்லு மண்டிக் கெடந்துச்சு, எடுத்துட்டேன்" என்று என்னிடமே பாராட்டை எதிர்பார்த்து நின்றார். கை பழகினால் கண்ணுக்கு லீவு என்று சொல்லிச் சிரித்தேன். அப்படி ஒரு பழமொழி உண்டா என்று கேட்காதீர்கள். நான் பள்ளியில் படித்தது ஆறாம் வகுப்பு வரைதான். மிச்சத்தை ஊர் வாயிலிருந்து எடுத்துக்கொண்டேன். ஊர் வாயில் கிடைக்காததை நானே செய்துகொள்வேன்.

தொழிற்சாலையில் பொட்டலம் கட்டும் மேசையில் எனக்குப் பக்கத்து இடம் ஒரு மலாய் அக்காவுடையது. காக் என்றுதான் கூப்பிடுவேன். பொந்தியான் போகிற வழியில், ஆற்று முகத்துவாரத்தில் இருக்கும் மீனவர் கம்பத்துக்காரி. கம்பம் என்றால் இங்கே கிராமம். அவர் ஒரு மலாய்ப் பழமொழி சொன்னால் நான் பதிலுக்கு ஒரு தமிழ்ப் பழமொழி சொல்லுவேன். எங்கள் இருவருக்குள் வட்டியில்லாத வியாபாரம். நாங்கள் பேசியதெல்லாம் மலாயில்தான். இங்கே என் தமிழில் தருகிறேன்.

ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில் காக் சொன்னார்: "ஆத்துல மீனே இல்ல லா. எங்க வீட்டுக்காரரு படகுக்கு எண்ணெய் ஊத்திக்கிட்டுக் கடலுக்குள்ள தூரமாப் போறாரு. பிடிக்கிற மீனு எண்ணெய்க்கே சரியாப் போவுது."

அவர்கள் கம்பத்துக்குப் பின்னால் உப்புச் சேற்றில் வளர்ந்திருந்த கண்டல் காட்டை எப்போதோ வெட்டி இறால் குளம் போட்டார்களாம். பிறகு குளத்தையும் கைவிட்டுப் போய்விட்டார்கள். மீன் குஞ்சுகள் ஒளிந்து வளர்வதே கண்டல் வேர்களுக்கு இடையில்தான். அதனால் கம்பத்து ஆட்கள் ஞாயிறுதோறும் தாங்களே கன்று நட்டுக்கொண்டிருந்தார்கள். கை போதவில்லை. "ஒங்க கோயில் ஆளுங்க வருவாங்களா?" என்று கேட்டார். பத்துப் பேர் போனோம். யாரும் கையெழுத்து வாங்கவில்லை. சுடச்சுட வாழைக்காய்ப் பொரியல் கொடுத்தார்கள், அவ்வளவுதான் ஒப்பந்தம்.

எங்களைவிடப் பெரிதாகக் கொடுத்தவர்கள் படகுக்காரர்கள். ஓடை வாயில் கம்பு நட்டு வலை கட்டினால், தண்ணீர் வடியும்போது பொடி மீன் வரை மாட்டும். அந்த வலையைக் கன்றுகள் எழும் வரை யாரும் கட்டுவதில்லை என்று ஒப்புக்கொண்டிருந்தார்கள். காக்கின் கணவர், நாங்கள் அபாங் என்று கூப்பிடுபவர், ஒவ்வொரு வீடாகப் போய், "மரம் வரும், மீன் வரும், நான் சொல்றேன்" என்று கேட்டு வாங்கிய வாக்கு அது. கன்று வராவிட்டால் வலை திரும்பும். அதற்குப் பிறகு அபாங் சொல்லை அந்தக் கம்பத்தில் யாரும் கேட்கமாட்டார்கள்.

நடவு நாளில் என் வீட்டுக்காரர் கயிறும் முளைக்குச்சியும் கொண்டுவந்துவிட்டார். முழங்கால் சேற்றில் நின்று, தோட்டத்தில் செம்பனைக்குப் பிடிக்கிற மாதிரி நிரை பிடித்தார். "அந்தக் கன்னு கோணலா இருக்கு, தள்ளி நடு!" என்று கோயில் தலைவரையே அதட்டினார்.

அபாங் எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "கடலும் இப்படி வரிசையிலதான் வரணுமா?" என்று கேட்டார்.

"வரலன்னா அதுக்கும் அரை நாள் சம்பளத்த வெட்டிருவாரு, பாங்," என்றேன்.

சில மாதம் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை, காக் முகமெல்லாம் சிரிப்பாக வந்தார். நாங்கள் நட்டதில் பாதி போய்விட்டதாம். ஆனால் நிரைகளுக்கு நடுவில், அலை கொண்டுவந்து போட்ட விதைகள் தாமாகவே முளைத்து அடர்ந்திருக்கின்றனவாம். "ஞாயித்துக்கிழம படகுக்காரங்க எல்லாரும் பாக்க வர்றாங்க" என்றார். வீட்டுக்கு வந்து நான் சொன்னது கடைசி வரியை மட்டும். அரைச் செய்தி முழு வம்பு. இதுவும் என் சொந்தச் சரக்குதான், அன்றைக்குப் பிறகு செய்தது.

சனிக்கிழமை மதியம் அவர் இடுப்பு வரை சேறோடு, மாப்பிள்ளை மாதிரிச் சிரித்துக்கொண்டு மோட்டார் சைக்கிளில் வந்து நின்றார்.

"எங்க போனீங்க?"

"நாளைக்கு ஆளுங்க பாக்க வர்றாங்கல்ல? தோட்டத்துல தொர வர்றாருன்னா காட்டச் சுத்தம் பண்ணி வைக்க வேணாமா? நிரைக்கு நடுவுல அம்புட்டுக் களை. ஒண்ணு விடல."

"களையா? எப்படி இருந்துச்சு?"

"ரெண்டு எலைதான். நல்லா மொத்தமா, பளபளன்னு."

காக் சொன்னதை முழுவதும் சொன்னேன். அவர் மோட்டார் சைக்கிள் மேலேயே உட்கார்ந்துவிட்டார். அப்புறம் மெதுவாக, "நீயே சொல்லிடு. ஒனக்குத்தான் வாய் இருக்கே" என்றார்.

"பிடுங்குனது ஒங்க கை. அதுக்கு என் வாய் எதுக்கு வாடகைக்கு?"

ஞாயிறு காலை போனபோது படகுக்காரர்கள் கரையில் நின்றிருந்தார்கள். எதிரில் மொட்டைச் சேறு. நடுநடுவே, சொன்ன பேச்சைக் கேட்கும் பிள்ளைகள் மாதிரி, எங்கள் கன்றுகள் ஒன்றிரண்டு நேர்கோட்டில். அவர்களில் மூத்தவர், பாக் சிக் என்று எல்லாரும் கூப்பிடும் பெரியவர், முன்கூட்டியே ஓடை வாயில் இரண்டு கம்பை நட்டுவிட்டிருந்தார். வலை படகில் தயாராக இருந்தது. "இதுக்குத்தானா நாங்க காத்துக் கெடந்தோம்?" என்று அவர் கேட்க, அபாங் சேற்றையே பார்த்துக்கொண்டிருந்தார். முந்தாநாள் அவர் கண்ணால் பார்த்த கன்றுகள் எங்கே போயின என்று அவருக்கே தெரியவில்லை. ஆடு மேய்ந்துவிட்டது என்று ஒருவர் சொன்னார். ஆட்டின் மேலேயே விட்டுவிடலாமா என்று, உண்மையைச் சொன்னால், எனக்கும் ஒரு நொடி ஆசை வந்தது.

என் வீட்டுக்காரர் தொப்பியைக் கழற்றினார். முப்பது வருடமாக அடுத்தவர் தப்பை மட்டுமே கண்டுபிடித்த மனுஷர்.

"சாயா சாலா, பாங்," என்றார். தப்பு என்னுது. "சாயா யாங் சாபுட்." பிடுங்கினவன் நான்தான்.

சுத்தம் செய்கிறோம் என்று நினைத்ததையும், துரை வரும் வழக்கத்தையும் தன் தோட்டத்து மலாயில் சொன்னார். பிறகு பாக் சிக், "சுரைக்காயச் சரி பண்ணப் போன எலி," என்றார். அது அவர்கள் பழமொழி. தெரியாத வேலையில் இறங்கி, இருந்ததையும் கெடுத்தவனைச் சொல்வது. இவ்வளவு நாள் எனக்குக் கிடைத்ததிலேயே நல்ல பழமொழி. வாங்கிக்கொள்ளத்தான் அது நேரமில்லை.

"எவ்வளவு பிடுங்குன?" என்று பெரியவர் கேட்டார்.

"முழுசும்."

"முழுசும்னா, பிடுங்குற அளவுக்கு நெறைய மொளைச்சிருந்துச்சா?"

என் வீட்டுக்காரர் கரையோரம் கூட்டிப்போய்க் காட்டினார். பிடுங்கிய களையைக் குவித்து வைக்காமல் வேலையை விடத் தெரியாத மண்டோர். இடுப்பளவுக் குவியல். மேலே கிடந்தது வாடியிருந்தது. அடியில் இருந்ததை அலை நனைத்துப் போயிருக்க, சேற்று வேரோடு இன்னும் பச்சையாக இருந்தது. பெரியவர் ஒன்றை எடுத்து வேரைத் தேய்த்துப் பார்த்தார். குவியலைப் பார்த்தார். அபாங்கைப் பார்த்தார்.

"நீ சொன்னது பொய்யில்ல," என்றார். "இவ்வளவு வந்த எடத்துல இன்னும் வரும். அடுத்த விதை விழுற வரைக்கும் பாப்போம்."

அபாங் அந்தக் குவியலுக்குப் பக்கத்தில் குந்தி, பச்சையாக இருந்ததைத் தனியாகப் பிரிக்க ஆரம்பித்தார். காக் அவர் தோளைத் தட்டிவிட்டு எதிரே உட்கார்ந்தார், நானும் உட்கார்ந்தேன்.

பெரியவர் ஓடை வாய்ப்பக்கம் நடந்தார். பாதி வழியில் திரும்பி என் வீட்டுக்காரரைக் கைகாட்டிக் கூப்பிட்டார்.

"ஹேய் மண்டோர், இங்க வா. ரெண்டு கம்பு இருக்கு. ஒனக்குத்தான் பிடுங்க நல்லா வருதே."