வலது மார்பில் முந்திரி எண்ணெய்

பதினான்கு வயதில் நான் பெண்ணாக மாறிக்கொண்டிருப்பதாக நம்பினேன். சந்தேகம் என்றுகூட இல்லை, நம்பிக்கைதான். மார்பில் இரண்டு பக்கமும் தோலுக்கடியில் புளியங்கொட்டை அளவுக்கு ஒரு கட்டி; துணி உரசினாலே உயிர் போகும். எனக்கு ரவிக்கை யார் தைப்பார்கள் என்பதுவரை யோசித்துவைத்திருந்தேன்.

ஆலங்குடிப் பக்கம் அந்தக் காலத்தில் ஆம்பிளை சட்டை போடுவது பள்ளிக்கூடத்துக்கும் கல்யாணத்துக்கும்தான். நான் குளத்துக்கும் துண்டைப் போர்த்திக்கொண்டு போனேன். மாமன் மகன் விடுவானா?

"என்னா மாப்புள, துண்டோட குளிக்கிறீங்க? வெக்கம் வந்துருச்சா?"

"சளி புடிச்சிருக்குடா."

"சளி புடிச்சவனுக்குத் தண்ணிக்குள்ள என்னடா வேலை? இங்கிட்டு வா, பாப்போம்."

ஈரத்தோடு ஓடினேன். மறுநாள் வகுப்பில் வாத்தியார் இருதயம், நுரையீரல், இரைப்பை என்று இறங்கி வந்து வயிற்றோடு நிறுத்திக்கொண்டார். துணிந்து எழுந்தேன். "வயசு வந்தா ஒடம்புல என்னெல்லாம் மாறும், சார்?"

"மீசை வரும். வர்றப்ப பாத்துக்க. ஒக்காரு."

வகுப்பே சிரித்தது. பார்த்துக்கொள்ள எனக்கு மீசையா வந்திருந்தது?

எங்கள் தோட்டத்தில் முந்திரிக்கொட்டை சுடும்போது தோலிலிருந்து கறுப்பாக எண்ணெய் வழியும். மருவுக்கும் காலாணிக்கும் அதைத்தான் வைப்பார்கள். தோலோடு பொசுக்கி எடுத்துவிடும். மருவை எடுப்பது கட்டியை எடுக்காதா என்றது என் மேதாவி மூளை. ஈர்க்குச்சியில் தொட்டு வலப் பக்கம் வைத்தேன். இடப் பக்கத்தின் முறை வருவதற்குள் அலறிக்கொண்டு தோப்பைச் சுற்றி ஓடிக்கொண்டிருந்தேன்.

புண் சீழ் வைத்தது. அப்பா வண்டி கட்டிப் புதுக்கோட்டை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். ஏன் தடவினேன் என்று டாக்டரிடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

"இந்த வயசுல நெறையப் பயலுகளுக்கு வர்றதுதாண்டா. தானா அமுங்கிரும். வீட்ல யாரும் சொல்லலையா?"

நான் அப்பாவைப் பார்த்தேன். அவர் சன்னலைப் பார்த்தார்.

திரும்பும் வழியில், வண்டி பாதித் தூரம் வந்த பிறகு, மாட்டிடம் சொல்வதுபோலச் சொன்னார்: "எனக்கும் இருந்துச்சு."

என் மகனுக்குப் பதினாலு வயதானபோது நான் பேசியதும் ஏறக்குறைய அவ்வளவுதான்.

எண்ணெய் படாத இடப் பக்கத்துக் கட்டி ஒரு வருஷத்துக்குள் தானாகவே மறைந்தது. வலப் பக்கத்துக் கட்டியும் அப்படித்தான். அங்கே தழும்பு மட்டும் இருக்கிறது.