தோற்கத் தெரியாத கப்டன்

பந்து வலைக்கு மேலே எட்டாத உயரத்தில் போய், எல்லைக்கோட்டைத் தாண்டி, பூங்காவின் நடைபாதையையும் தாண்டி, அங்கே நாயோடு உலாத்திக்கொண்டிருந்த ஒரு வெள்ளைக்காரரின் காலடியில் விழுந்தது. அடித்தவர் எங்கள் கப்டன் அண்ணை. சேர்விஸ் பிழைத்தால் தன் தலையில் தானே குட்டிக்கொள்கிற மனிதர் அவர். அன்றைக்கோ பந்து போன திசையைப் பார்த்து, சோதனை நன்றாக எழுதிய பிள்ளை போல மெல்லத் தலையாட்டினார்.

“எப்பிடி ஐசே?” என்று பக்கத்தில் நின்ற என்னிடம் குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

“நல்லா வெளியில போச்சுது அண்ணை” என்றேன். வேறென்ன சொல்ல? வெல்லுவதற்கென்றே பிறந்த ஒருவர் தோற்கப் பழகிக்கொண்டிருந்தார். அதை இவ்வளவு கிட்டத்தில் நின்று பார்க்கும் பாக்கியம் எனக்குக் கிடைத்தது. ஏன் எனக்குக் கிடைத்தது என்பதற்கு ஒரு கதை இருக்கிறது. அது என் மானத்தோடு சம்பந்தப்பட்டது என்றாலும் சொல்லிவிடுகிறேன்.

எண்பத்து மூன்று கலவரத்துக்குப் பிறகு ரொறன்ரோவுக்கு வந்து சேர்ந்தவர்கள் நாங்கள். பார்க்டேல் அடுக்குமாடிகளில் ஒருவர் காலில் ஒருவர் தலை வைத்துப் படுத்துக்கொண்டு, கிழமை முழுக்க உணவகங்களிலும் தொழிற்சாலைகளிலும் முறிந்துவிட்டு, சனிக்கிழமை வந்தால் பஸ் பிடித்து ஸ்காபரோவில் இருந்த அந்தப் பூங்காவுக்குப் போய்விடுவோம். அங்கே வலை கட்டி வொலிபோல். நாளடைவில் அது நாலு அணிகள் கொண்ட ஒரு லீக் ஆயிற்று. ஊருக்கு ஒரு அணி. கப்டன் அண்ணையின் ஊரிலிருந்துதான் அதிகம் பேர் விமானம் ஏறியிருந்தார்கள். ஆகவே கோப்பையும் அவர்களோடேயே ஏறி வந்தது போல, எப்போதும் அவர்களுக்குத்தான்.

தோற்றவர்கள் எத்தனை நாளைக்குத்தான் வருவார்கள்? ஒருவருக்கு ஓவர்டைம் வந்தது. இன்னொருவருக்கு முழங்கால் நொந்தது. ஒரு முழு அணிக்கும் ஒரே நாளில் கல்யாணவீடு வந்தது. கோடை முடிவதற்குள் மைதானத்தில் வெற்றி பெற்றவர்களும் விற்காத ரோல்ஸ் பலகாரங்களும் மட்டும் மிஞ்சினார்கள். கப்டன் அண்ணை கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு, “வெண்டு வெண்டு அலுத்துப்போச்சு ஐசே. ஆக்கள் இல்லாமல் ஆரை வெல்லுறது?” என்றார்.

அப்போதுதான் நான் வாயைத் திறந்தேன். எனக்கு அந்த நாளில் ஐஸ் ஹொக்கி மைதானம் ஒன்றில் வேலை. ஆட்டம் முடிந்த பிறகு இருக்கைகளுக்கு அடியில் பொப்கோர்ன் கூட்டுவது. இந்தத் தகுதியை வைத்துக்கொண்டு எங்கள் ஆட்கள் மத்தியில் ஹொக்கி நிபுணராக உலாவி வந்தேன். என் மேற்பார்வையாளர் ஒரு நியூஃபவுண்ட்லாந்துக்காரர். அவர்தான் கூட்டுகிற தும்புத்தடியை ஊன்றிக்கொண்டு எனக்கு அந்த விசித்திரத்தை விளக்கினார்: வருடக் கடைசியில் புதிய ஆட்டக்காரர்களை அணிகள் முறைவைத்துத் தெரிவுசெய்யும், மிகவும் தோற்ற அணிக்கு முதல் தெரிவு. பலவீனமானவனுக்குப் பலமானவனைக் கொடுத்துச் சமப்படுத்துவது. எனக்கு உடனே ஒரு சந்தேகம். அப்படியென்றால் எல்லாருக்கும் தோற்க ஆசை வராதா? அவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, இங்கே அதை யாரும் சத்தமாகக் கேட்பதில்லை என்று சிரித்தார். ஒரு நல்ல பொடியன் வரப்போகிறான் என்று தெரிந்தால் சில அணிகளுக்குத் திடீரென்று கை வழுக்கும் என்றார்.

இரண்டையும் அப்படியே எங்கள் கூட்டத்தில் ஒப்புவித்தேன். முதல் பாதிக்குக் கப்டன் அண்ணை, “தோக்கிறவனுக்குப் பரிசோ? அப்ப நீ ஏன் ஐசே இன்னும் பிரதமரா வரேல்லை?” என்றார். இரண்டாம் பாதிக்குக் கூட்டமே சிரித்தது. “எங்கடை ஆக்கள் வேணுமெண்டு தோக்கிறதோ? உயிர் போனாலும் செய்யாங்கள்!” அந்தச் சிரிப்போடு சட்டம் நிறைவேறியது. ஊர் அணிகளைக் கலைத்தோம். இருந்த ஆட்டக்காரரைப் பிரித்துக்கொண்டோம். இனிமேல் கனடாவுக்கு வந்து இறங்குகிற ஒவ்வொருவரும் லீக்கின் பொதுச்சொத்து. கோடை முடிவில் கடைசி இடத்தில் நிற்கும் அணிக்கு முதல் தெரிவு.

எதிரணிக் கப்டன்களில் ஒருவரான மாஸ்டர், ஊரில் கணக்குப் படிப்பித்தவர், ஒரு கேள்வி கேட்டார். “வாறவர் ஒரு கப்டன்ரை சொந்தக்காரர் எண்டால்?”

கப்டன் அண்ணை நெஞ்சை நிமிர்த்தினார். “சொந்தம் வீட்டில மாஸ்டர். கோட்டுக்குள்ள அவர் லீக்கின்ரை ஆள்.”

பிறகு வந்த மாதங்களை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வரும். புதிதாக வந்த அகதியைப் பார்க்கப் போகிறவர்கள், நாட்டு நிலைமை எப்படி என்று கேட்பதற்கு முன்னால், “நீர் வொலிபோல் விளையாடுவீரோ?” என்று கேட்டார்கள். நெட்டையான ஒருவர் வந்திருக்கிறார் என்று கேள்விப்பட்டு ஒரு பட்டாளமே போய்ப் பார்த்தது. அவர் பாவம், பேருந்தில் ஏறினாலே தலை சுற்றுகிறவர். ஆனால் ஒன்று, சட்டம் வேலை செய்தது. எந்த அணி வெல்லும் என்று யாருக்கும் தெரியவில்லை. முழங்கால்கள் தாமாகவே சுகமாயின. பெண்களும் பிள்ளைகளுமாகச் சனம் திரும்பி வந்தது.

அடுத்த கோடையின் நடுவில்தான் கப்டன் அண்ணையின் தம்பிக்குக் கடதாசிகள் சரிவந்த செய்தி ஜேர்மனியிலிருந்து வந்தது. குளிருக்கு முன் வந்துவிடுவான். ஊர்ப் பள்ளிக்கூட மைதானத்தில் தம்பி வலையோரம் நின்று பந்தைத் தூக்கிக் கொடுக்க, அண்ணை பாய்ந்து அடிக்க, மதிலில் ஏறி நின்று பார்ப்பார்களாம் சனங்கள். “அவன் தூக்கித் தந்தால் நான் கண்ணை மூடிக்கொண்டு அடிப்பன் ஐசே. பந்து எங்க வரும் எண்டு எனக்குத் தெரியும், நான் எங்க வருவன் எண்டு அவனுக்குத் தெரியும்.” இதைச் சொல்லும்போது அவர் குரல் வேறு யாருடையதோ போல இருந்தது. அவரை விட்டால் அவனுக்கும், அவனை விட்டால் அவருக்கும் இந்தப் பக்கத்தில் ஒருவரும் இல்லை. பிரிந்து பல வருடம். இனி அவனோடு ஒரே பக்கத்தில் நிற்க வேண்டுமானால் அவருக்கு இருந்தது ஒரேயொரு வழி. கடைசியாக வரவேண்டும்.

கடைசி இடத்துக்கு எங்களோடு போட்டி போட்டது மாஸ்டரின் அணி. மாஸ்டருக்கும் அந்தப் பொடியனைப் பற்றித் தெரியும். ஆகக் கடைசி ஆட்டத்தில் இரண்டு அணிகளும் சந்தித்தபோது, தோற்பவருக்குத்தான் தம்பி.

அன்று காலை கப்டன் அண்ணை என் தோளில் கை போட்டார். “இண்டைக்கு நீ முதல்லயே இறங்கு.” அதுவரை தண்ணீர்ப் போத்தல் காவியதும், பந்து பொறுக்கியதும்தான் என் விளையாட்டு வரலாறு. கண் கலங்கிவிட்டது. நான் என்ன அண்ணை செய்யவேணும் என்று கேட்டேன். “ஒண்டும் புதுசாச் செய்யவேண்டாம் ஐசே. நீ வழமையா விளையாடுற மாதிரி விளையாடு.” அதன் பொருள் எனக்கு மைதானத்தின் நடுவில் நின்றபோதுதான் விளங்கியது. ஆனாலும் கௌரவம் கௌரவம்தானே.

எதிர்ப்பக்கம் பார்த்தால், மாஸ்டரின் அணியின் சிறந்த அடிகாரனுக்குக் காய்ச்சலாம். அவன் வேலியோரம் இருந்து ரோல்ஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். அவனுடைய இடத்தில் மாஸ்டரே காற்சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு நின்றார்.

அந்த நாளைய வொலிபோலில் சேர்விஸ் போடுகிற அணிக்குத்தான் புள்ளி. சேர்விஸ் பிழைத்தால் பந்து கைமாறும், புள்ளி ஏறாது. நாங்கள் வெளியே அடித்தோம். அவர்கள் வலைக்குள் அடித்தார்கள். நாங்கள் மரத்துக்கு அடித்தோம். அவர்கள் தங்கள் ஆளின் முதுகுக்கே அடித்தார்கள். பூச்சியத்துக்குப் பூச்சியம் அசையவேயில்லை. வெல்வதற்கு எதிராளியை மீறினால் போதும். தோற்பதற்கு எதிராளியின் ஒத்துழைப்பு வேண்டும் என்ற பேருண்மை அப்போதுதான் எனக்கு உறைத்தது. பந்தைத் திருப்பிக்கொண்டு வந்த நாய்க்காரர் நின்று பார்த்துவிட்டு, யார் வெல்கிறார்கள் என்று என்னிடம் கேட்டார். என்னிடம் இருந்த ஆங்கிலத்துக்கு அது தாங்காது. வானத்தைக் காட்டினேன்.

கடைசியில் ஏணியில் இருந்த நடுவர் அங்கிள் விசிலைத் துப்பிவிட்டுக் கத்தினார். “என்னைப் பேயன் எண்டு நினைச்சியளோ? இனி ஆராவது சேர்விஸைப் பிழைக்க விட்டால், பொடியனை மற்ற ரீமுக்குக் குடுத்திடுவன்!”

வேறு வழியில்லை. மாஸ்டர் பந்தைப் பூப்போல இந்தப் பக்கம் போட்டார். அது நேரே என்னிடம் வந்தது. இதைவிடப் பொருத்தமான இடம் ரொறன்ரோவில் இல்லை. நான் கண்ணை மூடிக்கொண்டு கைகளை நீட்டினேன். என் ஆயுளில் நான் எடுத்த ஒரேயொரு ஒழுங்கான பந்து அதுதான். உயர எழும்பி, வலையோரம், ஒரு சாண் தள்ளி, யாரோ தூக்கிக் கொடுத்தது போல நின்றது.

கப்டன் அண்ணை யோசித்திருந்தால் பிழைத்திருப்பார். அவர் யோசிக்கவில்லை, பாய்ந்தார். பந்து மாஸ்டரின் காலுக்கு முன்னால் குழி பறித்தது. அதற்குப் புள்ளிகூட இல்லை. சேர்விஸ் மட்டும்தான் எங்களுக்கு வந்தது. ஆனால் நித்திரையில் இருந்த மனிதரை யாரோ எழுப்பிவிட்டார்கள். அடுத்த சேர்விஸ் இடிபோல இறங்கியது. அதற்கடுத்ததும். மாஸ்டரின் ஆட்கள் மகிழ்ச்சியோடு விலகி நின்று பந்துக்கு வழி விட்டார்கள். கப்டன் அண்ணைக்கு அதுதான் பொறுக்கவில்லை. “எடுங்கோடா! பந்தை எடுங்கோடா! விளையாடுங்கோடா!” என்று எதிரணியைப் பார்த்துக் கெஞ்சினார். கெஞ்சிக் கெஞ்சியே வென்றார். முடிந்ததும் புல்லில் இருந்து தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் தண்ணீர்ப் போத்தலை நீட்டினேன். வாங்கினார், ஏசவில்லை. ஏசியிருக்கலாம்.

இப்போது நான் ரொறன்ரோவுக்குக் கிழக்கே விட்பியில் இருக்கிறேன். ரீவியில் ஹொக்கி பார்க்கும் என் மகள், “அப்பா, இவங்கள் வேணுமெண்டு தோக்கிறாங்கள்” என்று கொதிப்பாள். பெரிய லீக்குகள் இதைத் தடுக்கச் சீட்டுக் குலுக்கிப் பார்க்கின்றன. நாங்களும் பின்னாளில் குலுக்கினோம், மாஸ்டரின் ஆலோசனைப்படி, ரோல்ஸ் கொண்டுவரும் சட்டிக்குள். எதைக் குலுக்கினாலும், தோற்க முடிவெடுத்தவனின் கை ஒரு நல்ல பந்தைக் கண்டதும் என்ன செய்யும் என்பதை எந்தச் சட்டமும் கேட்டதாகத் தெரியவில்லை. எனக்கு அதுதான் இன்னும் விடுவிக்க முடியாத புதிர்.

தம்பி வந்தான். விமான நிலையத்தில் அண்ணை அவனை அண்ணாந்து பார்க்க வேண்டியிருந்தது. மாஸ்டர் அவனை முதலாவதாகத் தெரிவுசெய்தார். கப்டன் அண்ணை கை தட்டினார். அடுத்த கோடையின் முதல் ஆட்டத்துக்கு இருவரும் ஒரே காரில் வந்து, ஒரே கதவைப் பூட்டி, ஆளுக்கொரு பக்கமாகப் போனார்கள். தூக்கிக் கொடுக்கிறவன் நிற்கும் இடத்தில் அவன் நிற்கவில்லை. “இவ்வளவு உயரமானவனை ஆர் தூக்கிக் குடுக்க விட்டது?” என்று கேட்டுவிட்டு மாஸ்டர் அவனை அடிக்க நிறுத்தியிருந்தார்.

அவன் அடித்தான். முதல் அடி எனக்கும் பூமிக்கும் நடுவே எங்கோ போயிற்று. கப்டன் அண்ணை பாய்ந்து அடித்த பந்தை வலைக்கு மேலே இரண்டு கைகளாலும் மறித்து, அவருடைய காலடியிலேயே விழுத்தினான். சனம் ஓவென்று கத்தியது. கப்டன் அண்ணை பந்தைப் பார்த்தார். பிறகு வலைக்கு அப்பால் நின்றவனை, முதன்முறை காண்பவர் போல, நெடுநேரம் பார்த்தார்.

நாங்கள் தோற்றோம், நேர்மையாக. மாஸ்டர் துவாயால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்தார். “கப்டன், எனக்குப் பாவமாக் கிடக்கு. உம்மடை தம்பியை நீரே வைச்சிரும். பதிலுக்கு உந்த ஐசேயைத் தந்தால் காணும்” என்று என்னைக் காட்டினார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நான் கொஞ்சம் நிமிர்ந்து நின்றேன். என்னை யாரும் விலைபேசியது அதுவே முதல் தடவை.

கப்டன் அண்ணை சிரிக்கவில்லை. தோற்கப் பார்த்தும் கிடைக்காதது, இப்போது கேளாமலே கைக்கு வந்திருந்தது. தூரத்தில் தம்பி தனியே பந்தை நிலத்தில் தட்டிக்கொண்டு நின்றான்.

“வேண்டாம் மாஸ்டர்,” என்றார். “என்ரை பக்கம் வந்தால் உவன் திரும்பவும் எனக்குத் தூக்கித் தரத் தொடங்கிடுவான்.”

“அண்ணை, கதைச்சது காணும்!” என்று அங்கிருந்து குரல் வந்தது. “இன்னொரு கேம், வாங்கோ!”

அவர் குனிந்து சப்பாத்து நூலை இறுக்கிக் கட்டிக்கொண்டு, வலைக்கு இந்தப் பக்கத்துக்கு ஓடினார்.