பண்ணும் பாணும்

குசினிக்குள்ளிருந்து "டொங்ங்..." என்று ஒரு சத்தம் எழுந்தது. அது அடங்குவதற்குள் இன்னொன்று, கொஞ்சம் மெலிதாக.

முன்னறைக் கதிரையில் அமர்ந்திருந்த விவேகானந்தன் ஐயா திடுக்கிட்டு நிமிர்ந்தார்.

"என்ன பிள்ளை, சட்டி பானை ஏதும் விழுந்துட்டுதோ?"

"இல்லங்கய்யா. எங்க வீட்டுக்காரரு சுருதி சேக்கிறாரு."

"எதுக்குச் சுருதி?"

"பாண் சுடுற தகர அச்சுக்கு" என்றாள் துஷ்யந்தி.

யாழ்ப்பாணத்திலிருந்து கண்டிக்கு வந்து, பொறியியலாளராக ஓய்வு பெற்று, இப்போது கோயில் சபைத் தலைவராக இருப்பவர் விவேகானந்தன். அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு துண்டுப்பிரசுரத்தை எடுத்து விரித்தார். 'சரஸ்வதி பூசை மாலை: பண்ணும் பாணும்' என்றிருந்தது.

"அச்சுப்பிழையெண்டுதான் முதல்லை நினைச்சன். பண் விளங்குது. பாண் என்னத்துக்கு? பூசை முடிய ஆளுக்கு அரை றாத்தல் பங்கிடப் போறியளோ?"

துஷ்யந்தி சிரித்திருப்பாள். ஆனால் அவர் எதற்காகத் தென்னக்கும்புர மேட்டில் மூச்சு வாங்க ஏறி வந்திருக்கிறார் என்று அவளுக்குத் தெரியும். பூசையில் அவள் பாட, கணவன் பாண் அச்சுகளைத் தட்டி வாசிக்கப் போகிறான் என்று கேள்விப்பட்டு, வெள்ளிக்கிழமைகளில் அவள் கோயிலில் பாடுவதையே நிறுத்திவிட வேண்டும் என்று சபையில் சிலர் கொதித்துப் போயிருந்தார்கள்.

தெல்தோட்டைத் தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் பிறந்தவள் துஷ்யந்தி. படித்து, கண்டி மாநகரசபையில் கிளார்க் ஆனாள். தண்ணீர் வரவில்லை என்று வருகிறவர்களின் கோபத்தையெல்லாம் கிழமை முழுக்கச் சிரித்த முகத்தோடு வாங்கிக்கொள்வாள். வெள்ளி மாலை சந்நிதியில் நின்று ஒரு பழைய தேவாரப் பண்ணை எடுத்தால் போதும், அத்தனையும் கரைந்துவிடும். பிள்ளை இல்லாத அந்த வீட்டில் வெள்ளிக்கிழமைதான் அவளுடைய பிள்ளை.

கணவன் ராஜலிங்கம் ஹேவாஹெட்டக்காரன். திகனயில் அஸ்ஃபர் நானாவின் பேக்கரியிலிருந்து முச்சக்கரவண்டியில் பாண் ஏற்றித் தெருத்தெருவாக விற்பவன். மற்ற பாண் வண்டிகளைப் போல அவனுடையதும் ஒலிபெருக்கியில் பாட்டுப் போட்டுக்கொண்டுதான் போகும். ஒரு மழைக்காலையில் அந்தப் பெட்டி நனைந்து ஊமையாகிவிட்டது. ஊர் எப்படி எழும்பும்? வண்டியில் கிடந்த பழைய பாண் அச்சொன்றைத் தடியால் தட்டினான். தட்டத் தட்ட, விடியலில் மனைவி பாடிப் பழகும் புறநீர்மைப் பண் தானாகவே கையில் வந்துவிட்டது. ஆயிரம் வருஷத்துக்கு முந்திய பண்! ஒரு வீட்டு அம்மா, சாமிதான் வீதி வலம் வருகிறது என்று எண்ணி, கற்பூரத் தட்டோடு வெளியே ஓடி வந்தாள். வந்தவள் இரண்டு பணிஸ் வாங்கிக்கொண்டு போனாள்.

அன்று தொடங்கியது. பேக்கரிப் போறணை நெருப்பில் வெந்து கருத்துப்போன அச்சுகளாகத் தேடி எடுத்துக் கம்பியில் தொங்கவிட்டான். அவள் ஒரு பண் பாடினால், அதற்குப் பதிலாக அவன் தானே கட்டிய புதுப்பாட்டொன்றை வாசிப்பான். அதில் அம்பிட்டிய வளைவுகள் இருக்கும், நாய்கள் இருக்கும், பாண் ஆறிவிட்டது என்று சண்டை பிடிக்கும் பெண்களும் இருப்பார்கள்.

குசினித் திரையை விலக்கிக்கொண்டு ராஜலிங்கம் வந்தான். கண் கலங்கியிருந்தது.

"ஐயா, நான் வரலங்க. அச்செல்லாத்தையும் நானாகிட்டயே குடுத்துர்றேன். அவ பாட்ட மட்டும் நிப்பாட்டிறாதீங்க. அது இல்லன்னா அவ செத்துருவா."

"வாய மூடுங்க!" துஷ்யந்தி சீறினாள். "நான் பாடி நீங்க பதில் சொல்லலன்னா எனக்குத் தொண்டையே தெறக்காது. தெரிஞ்சுக்கிட்டே பேசுறீங்க!"

"சத்தம் போடாதேங்கோ ரெண்டு பேரும்" என்றார் பெரியவர். "முதல்லை என்னைக் கேக்க விடுங்கோ."

ராஜலிங்கம் குசினிக்குள் திரும்பிப் போனான். துஷ்யந்தி கண்ணை மூடிப் புறநீர்மையைத் தொடங்கினாள். மெல்லத் திறக்கும் கதவு போல அது எழுந்து, அறை நிறைந்து, தணிந்தது. கடைசி ஓசை அடங்கும் முன் குசினியில் முதல் அச்சு பேசியது. பிறகு இன்னொன்று, பிறகு எல்லாம் சேர்ந்து குதித்துக்கொண்டு மேடேறின. விவேகானந்தன் ஐயாவின் விரல் கதிரைக் கையில் தாளம் போட்டது. அவர் அதைக் கவனிக்கவில்லை.

முடிந்ததும் கதிரையிலிருந்தபடியே எட்டி, திரைக்குப் பின்னால் தொங்கிய அச்சுகளைப் பார்த்தார்.

"தம்பி, உண்மையைச் சொல்லு. இதுகளிலை முட்டை பட்டிருக்கோ?"

ராஜலிங்கத்துக்குப் பொய் வராது. "பாண் அச்சுல மாஜரின் மட்டுந்தான்யா. அந்தச் சின்னதுங்க கேக் அச்சு."

"அப்ப கோயிலுக்குள்ளை வரேலாது. புதுசா வாங்கினா என்ன?"

"வாங்கிப் பாத்தேங்கய்யா. 'டக்'குன்னு தட்டையா கேக்குது. போறணையில வருஷக்கணக்கா வெந்தாத்தான் வாய் தெறக்கும்."

"என்னக் கட்டிக்கிட்டு இவரு வெந்த மாதிரி" என்றாள் துஷ்யந்தி. கன்னத்தில் கண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

பெரியவர் சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்பு அவளுக்குத் தைரியம் கொடுத்தது.

"ஐயா, தெருவுல இவரு எந்த வீட்டுக்குள்ளயும் போறதில்ல. வெளிய நின்னு வாசிப்பாரு, சனம் வாசலுக்கு வரும். கோயில்லயும் அப்படியே செய்யட்டுமே. நான் உள்ள நின்னு பாடுறேன். இவரு வாசலுக்கு வெளிய வண்டிய நிப்பாட்டிப் பதில் சொல்லட்டும். சாமிக்கு ரெண்டும் கேக்கும்."

விவேகானந்தன் ஐயா மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"றோட்டு மாநகரசபையின்ரை. அதிலை எங்கடை சபைக்கு ஒரு கதையுமில்லை" என்று எழுந்தார். "வெள்ளிக்கிழமை வழமை போலை வாங்கோ, பிள்ளை. மற்றவையோடை நான் கதைக்கிறன்."

துஷ்யந்தி குனிந்து அவர் காலைத் தொட்டாள். ராஜலிங்கம் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று மூக்கை உறிஞ்சினான்.

வாசலில் சப்பாத்தை மாட்டிக்கொண்டே பெரியவர் வானத்தை அண்ணாந்து பார்த்தார்.

"சரஸ்வதி பூசைக்குக் கண்டியிலை மழை பெய்யாம விடாது. அப்ப என்ன செய்வாய், தம்பி?"

"நனஞ்சுகிட்டே வாசிப்பேங்கய்யா."

"விசர்க் கதை கதையாதை. ஒரு பெரிய குடை எடுத்துக்கொண்டு வந்து நான் உனக்குப் பக்கத்திலை நிக்கிறன். தலைவர் குடை பிடிச்சா ஆர் என்ன சொல்லுறது?"

அவர் படிகளில் இறங்கி, வளைவில் மறையும் வரை இருவரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பிறகு துஷ்யந்தி கதவைச் சாத்தினாள்.