வளையலா, வாதமா?

சென்ற வாரப் பத்தியை அனுப்பிய இரண்டாம் நாள், பத்திரிகை அலுவலகத்திலிருந்து போன். "மேடம், இது நீங்க எழுதினதுங்களா?" என்று உதவி ஆசிரியர் மரியாதையாகத்தான் கேட்டார். டைப் செய்கிற பெண்ணுக்கு மூன்றாம் பக்கத்தில் ஒரு வரிகூடப் புரியவில்லையாம்.

அவளைச் சொல்லிக் குற்றமில்லை. என் கை என் சொல்லைக் கேட்டு ஒரு மாதமாகிறது.

எனக்கு இது எட்டாம் மாதம். வலது கையில் கட்டை விரலும் அடுத்த இரண்டு விரல்களும் மரத்துப்போகின்றன. எறும்பு ஊர்கிறது. காபி டம்ளர் இரண்டு முறை நழுவிவிட்டது. ஆனால் சுண்டு விரல் மட்டும் ஜம்மென்று இருக்கிறது... இது என்ன கூத்து?

வளைகாப்புக்கு உடுமலைப்பேட்டைச் சொந்தமெல்லாம் வந்து முழங்கை வரை அடுக்கிய வளையல்தான் காரணம் என்று நினைத்தேன். அப்படியென்றால் இடது கையிலும் அதே அளவு வளையல்தானே? அது ஏன் சும்மா இருக்கிறது? வாயு என்றார் வீட்டுக்காரர். ரத்தம் குறைவு என்றார் பக்கத்து வீட்டு அக்கா. பக்கவாதமோ என்று எனக்குள் ஒரு பயம். டம்ளரே நிற்காத கையில் பிள்ளை எப்படி நிற்கும்? இதை யாரிடமும் சொல்லவில்லை.

டாக்டரிடம் கேட்டிருக்கலாமே என்பீர்கள். இரண்டு முறை போனேன். "எப்படிம்மா இருக்கீங்க?" என்றார். "நல்லா இருக்கறனுங்க" என்றேன். கோயமுத்தூர்க்காரிக்கு அந்தக் கேள்விக்கு வேறு பதில் தெரியாது. கூடவே, நீங்க நல்லா இருக்கீங்களா என்று அவரையும் விசாரித்துவிட்டு வீடு வந்து சேர்ந்தேன்!

இந்த முறை மாமியாரும் என்னோடு வந்தார். டாக்டர் கேட்டார், நானும் வழக்கம்போல நல்லா இருந்தேன்.

"ஏனுங்க டாக்டரம்மா, புள்ளை பொய் சொல்லுதுங்க. அது கை ஒரு மாசமா வேலை செய்யலீங்க" என்றார் அத்தை.

எனக்கு அழுகை வந்துவிட்டது. "கொழந்தையத் தூக்க முடியுங்களா?" என்று மட்டும் கேட்டேன்.

டாக்டர் முதலில் கேட்டது சுண்டு விரலைப் பற்றி! அது நன்றாக இருக்கிறது என்றதும் தலையாட்டினார். மணிக்கட்டில் ஒரு குறுகலான பாதையாம். கார்பல் டனல் என்று பெயர். கர்ப்பத்தில் நீர் கோத்து, அதன் வழியே போகும் நரம்பை நெருக்குகிறதாம். சுண்டு விரலுக்கு வேறு நரம்பு. வாதமுமில்லை, வாயுவுமில்லை. பிரசவத்துக்குப் பிறகு பெரும்பாலும் தானே சரியாகிவிடுமாம். அதுவரை மணிக்கட்டுக்குப் பட்டை கட்ட வேண்டும். வலது கை வளையலைக் கழற்ற வேண்டும்.

அத்தையின் முகம் சுருங்கிவிட்டது. பிள்ளை பிறக்கும் வரை இரண்டு கை வளையல் சத்தமும் உள்ளே கேட்க வேண்டுமே!

வீட்டுக்கு வந்ததும் சோப்பு நுரை போட்டு, ஒன்றுகூட உடையாமல் அத்தனையையும் கழற்றினார். ஒவ்வொன்றாகத் தன் கையில் மாட்டிக்கொண்டார்.

"சத்தந்தான கண்ணு வேணும்? ஆரு கையில இருந்தா என்ன?"

இதை நான் சொல்லச் சொல்ல எழுதுவது வீட்டுக்காரர். அத்தை பக்கத்தில் உட்கார்ந்து, என் வயிற்றருகே கையை ஆட்டிக்கொண்டிருக்கிறார். ஒவ்வொரு குலுக்கலுக்கும் உள்ளே ஓர் உதை.

பிள்ளையைத் தூக்க என் கை தயாராகிவிடும், சரி. வெளியே வந்ததும் அது யாரைத் தேடிக் கை நீட்டும் என்பதுதான் இப்போது குழப்பம்!