ரஹ்மத் அக்கா மடியில் இருந்த வெந்நீர்ப் பை

செவ்வாய்க்கிழமை காலை குமணன்சாவடி ஸ்டாப்பில் கம்பெனி பஸ் நின்றிருந்தது. ரஹ்மத் அக்கா இன்னும் வரவில்லையே என்று டிரைவர் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார். அப்போதுதான் என் போனில் அவர் மகள் சபீனா பேசினாள். "ஆன்ட்டி, அம்மா மௌத்தாயிட்டாங்க. உசுரு போயிடுச்சு."

அம்பத்தூர் எஸ்டேட்டில் சட்டை தைக்கும் எங்கள் கம்பெனியில் காலர் வைப்பது அக்காவின் வேலை. அவர் வைத்த காலர் சரியில்லை என்று திரும்பி வந்து நான் பார்த்ததில்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதில் மிரண்டு போயிருந்த என்னிடம், "இன்னா செல்வி, மாமியா ஊட்டுக்கு வந்த மாரி குந்திகினு கீறே? உன் மெஷினு, மிதி," என்றவர் அவர்.

வரிசையாக மெஷின் போட்ட எங்கள் லைனில் ஒரு வழக்கம் உண்டு. ஓய்வறை ஆணியில் சிவப்பு வெந்நீர்ப் பை ஒன்று தொங்கும். மாத வலி வந்தவர் மடிக்கு அது போகும். அவர் தைக்கவேண்டிய துணிக்கட்டை மற்றவர்கள் எங்களுக்குள் பிரித்துக்கொண்டு தைத்துவிடுவோம். அதிகம் போனது அக்காவின் மடிக்குத்தான். பொம்பளைன்னா வலிக்கத்தான் செய்யும் என்றே அவருக்கு எல்லோரும் சொல்லி வந்தார்கள். போன வருஷம்தான் ஒரு டாக்டரம்மா அதற்கு எண்டோமெட்ரியோசிஸ் என்று பேர் சொன்னார். கருப்பைக்குள் இருக்கவேண்டிய படலம் போன்றது வெளியே வளர்ந்து, உள்ளுக்குள் ஓயாத அழற்சி. "இது வயித்தோட நிக்கும்னு இல்லம்மா. ரத்தக் குழாயையும் பாதிக்கலாம். நெஞ்சையும் ஒரு தடவ பாத்துடுங்க," என்றாராம்.

அக்கா அதை லைன் முழுக்கச் சொல்லிச் சிரித்தார். "வயித்து வலின்னு போனா நெஞ்ச காட்டுன்றாங்க. பல்லு வலின்னா முட்டிய காட்டணுமா?" ஈசிஜிக்கு லீவு போடவேயில்லை. சபீனாவின் பரீட்சை முடியட்டும் என்றார்.

திங்கள் மத்தியானம் முகமெல்லாம் வியர்த்து மெஷினில் சாய்ந்தார். தாடை வலிக்கிறது, முதுகு இழுக்கிறது என்றார். யாரும் சொல்லாமலே வெந்நீர்ப் பை வந்தது, துணிக்கட்டு பிரிந்தது. "அதே சனியன்தான். இந்த தபா மேல ஏறிகினு வருது," என்றார் அக்காவே. அத்தனை பேரும் பாசமாகப் பார்த்துக்கொண்டோம், ஆஸ்பத்திரி ஒருவருக்கும் தோன்றவில்லை. விடியற்காலையில் மாரடைப்பு. அந்த நோயால்தான் வந்தது என்று யாரும் அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் நெஞ்சைப் பார்க்கச் சொல்லியிருந்தார்களே, அதுதான் எனக்கு ஆறவில்லை. வலியைப் பொறுத்துக்கொள்பவளைத்தான் ஊர் நல்லவள் என்கிறது.

ஜனாஸாவை அடக்கம் செய்ய ஆண்கள் தூக்கிக்கொண்டு போன பிறகு சபீனா சுவரோரம் வயிற்றைப் பிடித்துச் சுருண்டிருந்தாள். "இவளுக்கும் அவங்கம்மா மாரியே மாசா மாசம். ஒத்தடம் குடுங்க," என்றார் அவள் பெரியம்மா. கொடுத்தேன். கொடுத்துக்கொண்டே, "அந்த டாக்டரம்மா நம்பர் அம்மா போன்ல இருக்கா?" என்று கேட்டேன்.

வியாழக்கிழமை அவளைக் கூட்டிக்கொண்டு போகிறேன், அக்கா. அன்றைக்கு என் துணிக்கட்டை லைனில் பிரித்துக்கொள்வார்கள். வயிற்றைக் காட்டுவோம், நெஞ்சையும் காட்டுவோம். நீங்கள் சிரிப்பதானால் சிரித்துக்கொள்ளுங்கள்.