நோம்பிக்கு மறுநாள் வியாழக்கிழமை

சேலத்துக் கல்லூரியில் இன்டர்மீடியட் முதல் வருஷம் சேர்ந்தபோது எனக்கு ஆங்கிலம் பயமில்லை, கணக்கும் பயமில்லை. ஆபீஸ் வாசலில், கம்பி வலை போட்ட மரப்பெட்டிக்குள் ஒட்டியிருந்த ஒரு காகிதம்தான் பயம். அதை டைம்டேபிள் என்றார்கள். எடப்பாடிப் பக்கம் நான் படித்த பள்ளியில் நாங்கள் பெஞ்சில் உட்கார்ந்திருப்போம், வாத்தியார்கள் எங்களைத் தேடி வருவார்கள். இங்கே நாங்கள் போய் வாத்தியாரைத் தேட வேண்டும். எந்தக் கிழமை, எந்த மணி, எந்த அறை எல்லாம் அந்தக் காகிதத்தில் இருந்தது. பாதி ஒற்றை ஒற்றை ஆங்கில எழுத்து, பாதி எண். சில கட்டங்களில் ஒன்றுமே இல்லை. அந்த வெற்றுக் கட்டங்கள்தான் என்னை மிகவும் படுத்தின. அங்கே ஏதோ வகுப்பு நடக்கிறது, எனக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

கல்லூரி திறந்த அன்றே முதல்வர் ஒரு விதியைச் சொல்லிவிட்டார். லீவுக் கடிதம் கொடுக்காமல் ஒரு நாள் முழுக்க வராதவன் பெயர் நோட்டீஸ் போர்டில் வரும். இரண்டாம் தடவை வந்தால் ரிஜிஸ்டரிலிருந்தே பெயரை எடுத்துவிடுவார்கள். இடம் கேட்டு வெளியே நிறையப் பேர் நிற்கிறார்கள் என்றார். என்னைப் பார்த்துத்தான் சொன்னார் என்று எனக்குப் பட்டது.

எங்கள் வகையறாவில் கல்லூரி வாசலை மிதித்தவன் நான்தான். அப்பாவின் விருப்பம் அது. பெரியப்பாவுக்குப் பிடிக்கவில்லை. போன வேகத்தில் திரும்பி வருவான், இவன் ஓட்டுகிற எருதை விற்றுவிடாதே என்று அப்பாவிடம் நாலு பேர் நடுவில் சொன்னார். நான் திரும்பிப் போனால் அப்பா அவருக்கு என்ன பதில் சொல்வார் என்பதுதான் அந்த வருஷம் முழுக்க எனக்குக் கவலை.

அப்படிப் பயந்தவன் இரண்டாம் நாளே மாட்டிக்கொண்டேன். குறுக்கே படிக்க வேண்டிய காகிதத்தை மேலிருந்து கீழாகப் படித்து, அன்றைக்குப் போன அறையெல்லாம் தப்பு. மறுநாள் போர்டில் என் பெயர் தொங்கியது. இனி ஒரு தடவைதான் பாக்கி.

அந்த ஞாயிற்றுக்கிழமை தங்கியிருந்த அறையில் காகிதத்தின் நகலை வைத்துக்கொண்டு முட்டிமோதினேன். சட்டென்று எங்கள் கிணறு நினைவுக்கு வந்தது. நாலு பங்காளிகளுக்கும் பொதுக் கிணறு. இன்று எங்கள் முறை, நாளை பெரியப்பா முறை என்று வரிசையாகப் போகும். அவரவர் முறையில் எருது பூட்டி அவரவர் வயலுக்கு இறைத்துக்கொள்ள வேண்டும். இதுவும் முறைதான்! வாத்தியார்கள் பங்காளிகள், நாங்கள் தண்ணீர். வெற்றுக் கட்டம் எருதை அவிழ்த்து விடுகிற நேரம். எல்லாம் புரிந்துவிட்டது. அந்த மகிழ்ச்சியில் டைம்டேபிளைத் தமிழில் பெரிய எழுத்தில் எழுதி அப்பாவுக்கும் ஒரு நகல் அனுப்பினேன். அவர் எழுத்துக்கூட்டிப் படிப்பார்.

மூன்று வாரம் ஒரு பிசகும் இல்லை. பிறகு ஆடி மாதம் மாரியம்மன் நோம்பி வந்தது. எங்கள் பக்கம் பண்டிகையை நோம்பி என்போம். புதன்கிழமை கல்லூரிக்கு விடுமுறை. வியாழக்கிழமை காலையில் தலை சீவி, நகலை ஒரு தரம் பார்த்துக்கொண்டு, வெகு நிம்மதியாக மாடிக் கூடத்து ஆங்கில வகுப்புக்குப் போய்க் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன்.

பாடம் நடத்தியவர் புதியவராக இருந்தார். பழையவர் நோம்பிக்கு ஊருக்குப் போயிருப்பார் என்று நினைத்தேன். நான் யார் முகத்தையும் நிமிர்ந்து பார்க்கிறவன் இல்லை. புத்தகத்தைப் பார்த்தே இருந்தேன். ஆனால் அவர் சொன்ன பக்கம் என் புத்தகத்திலேயே இல்லை. ஒரு நாள் நோம்பிக்குள் பாடம் இவ்வளவு தூரம் ஓடிவிட்டதா என்று பக்கங்களைப் புரட்டிப் புரட்டித் தேடினேன். எண் சொல்லிக் கூப்பிட்டார்கள். என் எண்ணான நாற்பத்தொன்று வந்ததும் எழுந்து, "பிரசென்ட் சார்" என்றேன். முன் பெஞ்சுக்காரன் ஒருவன் திரும்பிப் பார்த்தான். என் குரல் நடுங்கியதால் பார்க்கிறான் என்று தலையைக் குனிந்துகொண்டேன்.

அடுத்த மணிக்கு ரசாயனக் கூடம் பூட்டிக் கிடந்தது. அங்கேயே நின்றேன். மத்தியானம் தமிழ் வகுப்பு என்று போன அறையில் யாருமே இல்லை. அங்கும் உட்கார்ந்திருந்தேன். நாலு மணிக்கு என் வகுப்புப் பையன்கள் எதிர்க் கட்டடத்திலிருந்து கும்பலாக வெளியே வந்தபோதுதான் எனக்கு உறைத்தது. அவர்கள் வியாழக்கிழமையைப் படித்திருந்தார்கள். நான் மட்டும் நோம்பியில் நின்றுபோன புதன்கிழமையை எடுத்து வைத்துக்கொண்டு அலைந்திருந்தேன்.

மறுநாள் காலையில் போர்டைப் பார்க்கக்கூடப் போகவில்லை. பியூனே வந்து என்னைத் துணை முதல்வர் அறைக்குக் கூட்டிப்போனான்.

அவர் முதலில் ஆங்கிலத்தில் கேட்டார். பிறகு தமிழில், நேற்று எங்கே போயிருந்தாய் என்றார். கல்லூரியில்தான் இருந்தேன் என்றேன். பொய் வேறு சொல்கிறாயா என்று பேனாவை எடுத்தார். மேசைமேல் ரிஜிஸ்டர் விரிந்திருந்தது. போன அறைகளை வரிசையாகச் சொன்னேன். அவர் டைம்டேபிளைப் பார்த்தார்.

"இது புதன்கிழமைக்கு உண்டானதல்லவா? வியாழக்கிழமையில் எப்படியப்பா புதன்கிழமை வரும்?"

"எங்க கெணத்துல அப்படித்தானுங்க. மழையோ நோம்பியோ, ஒரு நா எறைக்காம நின்னுபோச்சுன்னா அந்த மொறை அடுத்த நாளைக்கு வந்துருமுங்க. யாரு பங்கும் போவாதுங்க."

அவர், மாடிக் கூடத்தில் எண் கூப்பிட்டபோது என்ன செய்தாய் என்று கேட்டார். நாற்பத்தொன்றுக்கு எழுந்து நின்றதைச் சொன்னேன். அது இரண்டாம் வருஷ வகுப்பாம். பியூனை விட்டு அந்த ரிஜிஸ்டரை எடுத்துவரச் செய்து விரலால் தடவிப் பார்த்தார். இரண்டாம் வருஷத்து நாற்பத்தொன்று அம்மை போட்டு ஒரு வாரமாக ஊரில் கிடந்தான். அவன் லீவுக் கடிதம் அதே பக்கத்தில் செருகியிருந்தது. அம்மை போட்டவன் வியாழக்கிழமை மட்டும் வந்து போனதாக ரிஜிஸ்டர் சொல்லியது.

அவர் பேனாவை மூடி வைத்தார். என் பெயரை எடுக்கவில்லை.

"இங்கே நின்றுபோன நாள் நின்றதுதான்," என்றார். "யாருக்கும் அது திரும்பி வராது. தெரிந்துகொள்."

ஊருக்குப் போய் அப்பா முகத்தைப் பார்த்தால்தான் மனசு சரியாகும் போலிருந்தது. சனிக்கிழமை அரைநாள் வகுப்பு முடிந்ததும் பஸ் ஏறினேன்.

அன்று எங்கள் முறை. அப்பா எருதை அவிழ்த்துக் கொட்டகையில் கட்டிக்கொண்டிருந்தார். பெரியப்பா மறுநாள் முறைக்காக இறைக்கிற கயிற்றைச் சரி பார்க்க வந்து வாசலில் நின்றார். கொட்டகை மண்சுவரில் நான் அனுப்பிய நகல், கூழ் தடவி ஒட்டியிருந்தது. ஒரு கட்டத்தில் கருவேல முள் குத்தியிருந்தது. அப்பா தினமும் காலையில் அந்த முள்ளை அடுத்த நாளுக்கு நகர்த்துவாராம். அன்று சனிக்கிழமை. முள் வெள்ளிக்கிழமையில் நின்றது.

நான் அதையே பார்ப்பதைக் கண்டு அப்பா பெரியப்பாவுக்கும் கேட்கும்படி சொன்னார். "பொதங்கெழம நோம்பிக்கு லீவுன்னு எழுதியிருந்தியில்ல சாமி, அன்னிக்கு முள்ள நகத்துல. மறுநா பொதங்கெழமப் பாடத்தையே வெச்சுக்கிட்டேன். இந்நேரம் எம்பையன் இந்தப் பாடத்துல உக்காந்திருப்பான்னு நெனைச்சுக்கிட்டேதான் எருது ஓட்டறேன். சரித்தானே?"

திருத்த வேண்டும் என்று வாயைத் திறந்தேன். திருத்தினால் உனக்கு எப்படித் தெரியும் என்ற கேள்வி வரும். பிறகு போர்டு வரும், துணை முதல்வர் வருவார், எருதை விற்காதே என்ற பேச்சு வரும். பெரியப்பா கயிற்றைக் கையில் வைத்துக்கொண்டு என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சரித்தானுங்கப்பா," என்றேன்.

அதற்குப் பிறகு தீபாவளி வந்தது, பொங்கல் வந்தது. ஒவ்வொரு நோம்பிக்கும் முள் ஒரு நாள், இரண்டு நாள் என்று பின்னால் தங்கியது. ஒவ்வொரு முறை ஊருக்குப் போகும்போதும் சொல்லிவிட வேண்டும் என்று நினைப்பேன். வெட்கமாக இருக்கும், விட்டுவிடுவேன். எனக்கு அதன்பின் ஒரு வகுப்பும் தவறவில்லை. அப்பாதான் அந்த வருஷம் முழுக்க, தினம் காலையில் முள்ளை நகர்த்தி, நான் இல்லாத வகுப்பில் என்னைக் கொண்டுபோய் உட்கார வைத்துவிட்டு எருதைப் பூட்டினார்.